ஸ்கூட்டர் பேட்டரியை எடைக்கு வாங்க உரிமம் வேண்டும்

கோவை உக்கடம் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து பழைய இரும்புக் கடை நடத்துகிறோம். அந்த உரிமையில் சொல்கிறேன். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் எடைக்குப் போடலாம் என்ற நிலை உடனே மாற வேண்டும். வாங்குகிற எங்களைக் கட்டுப்படுத்தினால்தான் அது மாறும்.

பழைய கார் பேட்டரி எங்களுக்குப் பழகிய சரக்கு. உள்ளே ஈயம், அன்றன்றைய விலை எல்லாருக்கும் தெரியும். புதுசு வாங்கப் போனால் பழசுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதனால் அது தெருவில் கிடப்பதில்லை. 

லித்தியம் பேட்டரி அப்படி இல்லை. நிக்கலும் கோபால்ட்டும் உள்ள ரகத்துக்கு மறுசுழற்சி ஆலையில் மதிப்பு உண்டு. இப்போது பெருகிவரும் இரும்பு பாஸ்பேட் ரகத்தில் அவை இரண்டும் கிடையாது. கடைக்காரருக்குக் காசாகத் தெரிவது மேலே உள்ள அலுமினியக் கூடும் உள்ளே ஓடும் செம்பும்தான். அதற்காகவே பேட்டரி பேக்கை உடைக்கிறார்கள்.

உடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பசை போட்டு இறுக்கிய மூடிக்கு உளியும் சுத்தியலும். உள்ளே பெருவிரல் பருமனில் வரிசை வரிசையாகச் செல்கள், தலைமாட்டில் நிக்கல் பட்டை. பட்டையைக் குறடால் பிய்க்கும்போது அடுத்த செல்லில் உரசினால் பொறி பறக்கும். மல்டிமீட்டரில் வோல்ட் காட்டுகிற செல் ஒரு வாளிக்குப் போகும். எமர்ஜென்சி விளக்குக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும் ஆகும். காட்டாதது அட்டையோடும் இரும்புத் தூளோடும் சாக்கு மூட்டையில் கிடக்கும். நசுங்கிய செல் பல மணி நேரம் கழித்தும் பற்றலாம்; அணைத்த பிறகு மறுபடியும் பற்றலாம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், நுரையீரலை அரித்துவிடும். உடைக்கிறவர்கள் கையுறைகூட இல்லாத பையன்கள். ராத்திரி அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. விற்ற பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. மின்வாகன பேட்டரியிலிருந்து 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை ஆலைகள் மீட்க வேண்டும். ஆலைக்கு வந்து சேர்ந்தால்தானே மீட்பது? உற்பத்தியாளரும் புதுப்பிப்பவரும் மறுசுழற்சி ஆலையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது விதி. இடையில் இருக்கும் என்னைப் போன்ற கடைக்காரரைப் பதிவு செய்யச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை.

வரி விஷயத்தில் மட்டும் அரசு எங்களைத் தேடி வந்துவிட்டது. பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஆணை போட்டார்கள். அடுத்த பட்ஜெட்டில், லித்தியம் பேட்டரிக் கழிவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சுங்க வரியையும் நீக்கினார்கள். வெளியிலிருந்து அதைத் தருவிக்கிற நாட்டில், உள்ளூர்க் கழிவு எங்கள் மூட்டைகளில் கிடந்து வீணாகிறது.

நான் கேட்பது இதுதான். லித்தியம் பேக் வாங்கும் ஒவ்வொரு கடையும் பதிவு செய்ய வேண்டும். பேக்கின் எண், வண்டி எண், கொண்டுவந்தவரின் அடையாளம் மூன்றையும் எழுதாமல் வாங்கக் கூடாது; திருட்டுப் பேக்கும் இதில் அகப்படும். ஆலைக்கு வெளியே யாரும் பேக்கை உடைக்கக் கூடாது.

தடை மட்டும் போட்டால் சரக்கு பின்சந்துக்குப் போய்விடும். கூட்டைப் பிரித்துக் கிடைக்கும் காசைவிட, முழுசாக ஒப்படைத்தால் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். வாங்கும்போதே முன்பணம் பிடித்து, பேட்டரி திரும்பியதும் கொடுக்கும் முறைக்கு 2022 விதிகளிலேயே இடம் உண்டு. ஆனால் உற்பத்தியாளர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதைக் கட்டாயமாக்கி, சேகரித்துத் தரும் கடைக்கும் அதில் ஒரு பங்கு கொடுங்கள். முதல் தலைமுறை மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது. சரக்கு இனி கூடிக்கொண்டேதான் போகும்.

பதிவுக் கட்டணத்தைச் சிறு கடைக்குக் கட்டுப்படியாகும்படி வையுங்கள், விண்ணப்பத்தைத் தமிழில் கொடுங்கள். மணல் தொட்டி வைப்பது, முனைகளை டேப் ஒட்டி மூடுவது, வீங்கிய பேக்கைத் தனியே வைப்பது, இதையெல்லாம் தீயணைப்புத் துறை கடைத்தெருவுக்கே வந்து எங்கள் பையன்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.