மாத்திரை அட்டையும் ஒரு பாடம்தான்



‘ஆங்கிலம் கற்றுக்கொள்ள எளிய வழி இருந்தால் சொல்லுங்களேன்’ என்று கேட்காத குடும்பம் இன்று குறைவு. பிள்ளைகளுக்காகக் கேட்பவர்கள் உண்டு. தங்களுக்காகக் கேட்கும் இல்லத்தரசிகளும் நிறைய. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையாவது துணைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இந்த ஆசை வந்ததும் நாம் முதலில் செய்வது ஒரு புத்தகம் வாங்குவது. தினம் பத்து வார்த்தை, எதிரே தமிழில் அர்த்தம். முதல் வாரம் உற்சாகமாகப் போகும். அடுத்த மாதம் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதற்காக உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். கோளாறு உங்களிடம் இல்லை, கற்கும் முறையில்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ‘பேலன்ஸ்’ என்ற வார்த்தையை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பஸ்ஸில் நூறு ரூபாயை நீட்டிவிட்டு கண்டக்டரிடம் கேட்பது பேலன்ஸ். பிள்ளை சைக்கிள் பழகும்போது ‘பேலன்ஸ் பண்ணு’ என்று பின்னாலேயே ஓடுகிறோம். பாஸ்புக்கின் கடைசி வரியில் நாம் தேடுவதும் பேலன்ஸ்தான். பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகூட இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. எந்த இடத்தில் கேட்டோமோ, அந்த இடமே அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

இது நமக்கு மட்டும் தோன்றிய விஷயமல்ல. 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் ஏன் திணறுகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஒரே பக்கத்தில் தெரியாத வார்த்தைகளைக் குவித்து வைத்திருந்ததுதான் காரணம். அரிய வார்த்தைகளை எடுத்துவிட்டு, புழக்கத்தில் உள்ளவற்றைப் போட்டார். புதிய வார்த்தைகளைத் தெரிந்தவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தூவினார். பிள்ளைகள் தாமாகவே படிக்கத் தொடங்கினார்கள். அன்றாட ஆங்கிலத்துக்கு மிகவும் தேவையானவை சுமார் 2,000 வார்த்தைகள்தான் என்று 1953-ல் அவர் ஒரு பட்டியலும் வெளியிட்டார்.

அவற்றில் பல ஏற்கெனவே நம் வாயில் புழங்குகின்றன. ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். ‘ஸ்டோர் இன் எ கூல், டிரை பிளேஸ்’ என்று அச்சிட்டிருக்கும். ஸ்டோர் ரூம் நமக்குத் தெரியும். கூல் டிரிங்ஸ் தெரியும். டிரை ஃப்ரூட்ஸ் தெரியும். டூரிஸ்ட் பிளேஸும் தெரியும். சேர்த்துப் படித்தால், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள் என்று அந்த வரியே சொல்லிவிடுகிறதே! ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டிய மருந்து என்றால், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று தனியாகவே போட்டிருப்பார்கள்.

பிஸ்கட் பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று ஒரு தேதி. அது வரைக்கும் ருசியும் தரமும் குறையாது என்று பொருள். ‘எக்ஸ்பைரி’ என்றிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு அதைத் தொடவே கூடாது. செல்போனில் வரும் வங்கிச் செய்தியில் ‘கிரெடிட்டட்’ என்றால் பணம் வந்திருக்கிறது, ‘டெபிட்டட்’ என்றால் போயிருக்கிறது. கிரெடிட் கார்டு பில்லில் ‘மினிமம் அமௌன்ட் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டால் எத்தனை வீடுகளில் பணம் மிச்சமாகும்!

சரி, எப்படித் தொடங்குவது?

ஒரு நோட்டு போதும். தனி வார்த்தையாக எழுதாதீர்கள். பார்த்த வாக்கியத்தை அப்படியே முழுசாக எழுதுங்கள். எங்கே பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். முதலில் அர்த்தத்தை நீங்களே ஊகியுங்கள், பிறகு அகராதியைப் பாருங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி வாய்விட்டுப் படியுங்கள்.

அகராதி வாங்கும்போது எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏனென்றால், ‘லுக்’ என்றால் பார்ப்பது என்று மட்டும் தெரிந்தால் போதாது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது. ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது. கூட வரும் சின்ன வார்த்தை அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ்.ஹார்ன்பி இதற்காகவே, வார்த்தையை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் அகராதியைத் தொகுத்தார். 1942-ல் டோக்கியோவில் வெளியான அதுவே, பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக உலகமெங்கும் போனது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதை படிக்கும்போது ஊகம் நல்லது. மருந்திலும் கையெழுத்துப் போடும் காகிதத்திலும் ஊகம் கூடாது. டாக்டர் சீட்டில் காய்ச்சல் மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதியிருப்பார். தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள் என்று அர்த்தம். அவசரம் என்று நினைத்துக்கொண்டு வேளை தவறாமல் கொடுத்தால் என்ன ஆவது? மருந்துக் கடையிலேயே நின்று கேட்டுவிடுங்கள். கடன் பத்திரத்தில் புரியாத வரி இருந்தால், புரியும்வரை பேனாவை எடுக்காதீர்கள். கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ ஒரு ஆங்கில வார்த்தையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னால் சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு பல மாத முயற்சியை முடக்கிவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். உங்களுக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே?

ஆங்கிலம் தெரிந்தால் அறிவாளி என்று நான் சொல்லவில்லை. நம் உடம்பையும் நம் பணத்தையும் பற்றி நம் வீட்டுக்கு வரும் காகிதம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. அதற்கு வகுப்பும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இன்றைக்கே ஒரு மாத்திரை அட்டையையோ ரயில் டிக்கெட்டையோ எடுத்து ஒரு வரியைப் படியுங்கள். அந்த வரியையும், அது புரிந்த விதத்தையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களுக்கும் அது பாடமாகும்.

அன்புடன்,
ஆசிரியர்