வளையலைக் கழற்றுமுன் கேளுங்கள்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் சில வீடுகளில் ஒரு பேச்சு எழும். பழைய டீசல் கெப் ஒன்றை வாங்கிப் பின்னால் ஒரு கூடு அடித்துவிட்டால் அதிலேயே சமைக்கலாம், அதிலேயே படுக்கலாம். நுவரெலியாவில் அறை எடுக்கும் செலவு மிச்சம் என்பார்கள். பிள்ளைகள் துள்ளுவார்கள். பணம் போதாதபோது எல்லாருடைய பார்வையும் உங்கள் கை வளையலில் வந்து நிற்கும்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை பன்மடங்கு ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னும் பழைய காலத்து விலை திரும்பவில்லை. ஆகவே கொடுப்பது சிறு தொகையல்ல. கொடுக்கும் நகை உங்களுடையது. அதில் ஏறப்போகும் பிள்ளைகளும் உங்களுடையவர்கள். "இது ஆண்களின் விஷயம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

நான் கிதாபு படித்து, படிப்பித்து வருபவன். வண்டி வேலை தெரிந்தவனல்லன். தெரியாமல் செய்த ஒரு காரியத்தால் கற்றுக்கொண்டதையே இங்கே சொல்கிறேன்.

2018இல் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய டீசல் டபிள் கெப் வாங்கினோம். மனைவியின் நான்கு வளையல்கள் அதில் போயின. தச்சரைப் பிடித்துத் தேக்குச் சட்டமும் பலகையும் தகரமும் வைத்து அழகான கூடு ஒன்று செய்வித்தோம். அதை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்தது. கராஜ் பாஸ் இரண்டு ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகப் போட்டுத் தந்தார். வண்டி நிமிர்ந்து நின்றது. நாங்களும் நிமிர்ந்து நின்றோம்.

புறப்படும் அன்று என் மனைவி சாமான்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவத்தையும் ஏத்தினா வண்டி தாங்குமா?" என்று கேட்டாள். "ஸ்பிரிங் போட்டாச்சு, இனியென்ன?" என்றேன்.

அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது பதினெட்டு வளைவு இறக்கத்தில் எரிந்த நாற்றம் வந்தது. முன் சில்லுகளில் புகை. பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சில் புதைவதுபோல் இறங்கியது. கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, எப்படியோ நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளைகளை இறக்கும்போது என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் மறக்கவில்லை.

ஊர் வந்ததும் ஒரு நெல் ஆலையின் எடைமேடையில் வண்டியை ஏற்றிக் கணக்குப் பார்த்தோம்.

மனைவி கேட்ட கணக்கு

வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது சுமையோடு இருக்கக்கூடிய உச்ச எடை. எங்கள் வண்டிக்கு 1,620 கிலோ, 2,500 கிலோ. வித்தியாசம் 880 கிலோ. அவ்வளவுதான் அது சுமக்கலாம்.

நாங்கள் ஏற்றியதோ, மரக்கூடு 520 கிலோ, பெரியவர் இருவரும் பிள்ளைகள் நால்வரும் 280, தண்ணீர் 100 லீற்றர் (ஒரு லீற்றர் ஒரு கிலோ), காஸ் சிலிண்டரும் அடுப்பும் 30, மெத்தை, சட்டி பானை, அரிசி 90, தொட்டி நிறைய 60 லீற்றர் டீசல் ஏறத்தாழ 50. மொத்தம் 1,070 கிலோ. 190 கிலோ அதிகம்! வீட்டுக் கணக்கு எழுதும் எந்தச் சகோதரியும் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. நாங்கள் போடவில்லை.

ஸ்பிரிங் பட்டை சுமையைக் குறைக்காது, மறைக்கும். வண்டி நிமிர்ந்து நின்றாலும் அதன் அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையனவே. அதிலும் கூடு உயரமானால் வளைவில் சாயும். பாரம் பின் அச்சுக்கு அப்பால் போனால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடி கொடுக்காது.

எங்கள் பிரேக் எண்ணெயும் பல வருடம் மாற்றப்படாதது. அது காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த எண்ணெய் கொதித்துக் குமிழி விடும், மிதி பஞ்சாகிவிடும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது குறைந்த கியரே என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

வாங்கப் போகும்போது

அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போகச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயைச் சொல்லாது. கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிதமிஞ்சிப் போகிறது. இது பெரும்பாலும் செலவு குறைந்த கோளாறு. நீலப் புகை வந்தால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹைலக்ஸ் 2எல், 3எல் எஞ்சின்களிலும் மிட்சுபிஷி 4டி56 எஞ்சினிலும் டைமிங் பெல்ட் உண்டு. ஏறத்தாழ 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அது அறுந்தால் எஞ்சின் உள்ளேயே உடையும். எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாதிருந்தாலும் இறப்பர் கிழடாகியிருக்கலாம். பாரம் தாங்கும் குறியும் அங்கேயே உண்டு: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 106 என்றால் 950 கிலோ.

புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் வண்டியோடு ஒத்திருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதேனும் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததா என்று கேளுங்கள். "ஓபன் பேப்பர்" என்று கையெழுத்திட்ட படிவத்தை மட்டும் தந்தால் வாங்காதீர்கள்.

மெருகூட்டும் வரிசை

நாங்கள் முதலில் ஸ்பிரிங்கும் அலங்கார விளக்கும் போட்டோம். போட வேண்டிய வரிசை வேறு: முதலில் பிரேக், அடுத்து டயர், அதற்கடுத்து ரேடியேட்டர். ஸ்பிரிங் அதன் பிறகுதான்.

கூட்டையும் மாற்றினோம். அலுமினியச் சட்டமும் படங்குமாகச் செய்தது 190 கிலோ. இப்போது மொத்தம் 740; இன்னும் 140 கிலோ மிச்சம். வண்டியின் அமைப்பை மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

வண்டி ஓடும்போது பிள்ளைகளைக் கூட்டுக்குள் இருத்தாதீர்கள். இரவில் கூட்டை மூடிக்கொண்டு அடுப்பு எரிக்கவும் வேண்டாம். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் எழும்பாமலே போய்விடுவார்.

பழைய மரக்கூட்டை ஒரு விவசாயி கேட்டு வந்தார். அதன் எடையையும் எங்களுக்கு நேர்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகாதல்லவா? "எனக்கு இதை வண்டியில ஏத்தத் தேவல்ல மௌலவி, வயல் காவலுக்குத்தான்" என்றார். இன்றும் அது வரம்போரத்தில் நிற்கிறது.

சகோதரிகளே! வளையலைக் கழற்றுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வண்டி எத்தனை கிலோ சுமக்கலாம்? நாம் ஏற்றப்போவது எத்தனை கிலோ? பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு வளையலைப் பற்றிப் பேசலாம். என் மனைவி அன்று கேட்டது அந்த முதல் கேள்வியைத்தான். நான்தான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.