புள்ளி வைத்த திரை



இந்த இதழின் நடுப்பக்கத்தில் மரக்காணம் உப்பளங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வரப்பு கட்டிய அந்தப் பாத்திகளைப் பார்க்காமல் தாண்ட முடியாது. படத்தைக் கணினியில் பெரிதாக்கிக்கொண்டே போனார் எங்கள் வடிவமைப்பாளர். கடைசியில் எஞ்சியவை சதுரப் புள்ளிகள். திரையும் ஓர் உப்பளம்தான் போலும்: எந்தப் பாத்தியில் உப்பு பூத்திருக்கிறது, எதில் இல்லை என்பதே கணக்கு.

இந்தப் புள்ளித் திரையையும் அதோடு வரும் மவுஸையும் ஜெராக்ஸிடமிருந்து ஆப்பிள் திருடியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை மேடையிலேயே இயக்கிக் காட்டிவிட்டார். 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ‘ஆல்டோ’ கணினி பிறந்தது. பத்திரிகைக்காரனுக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு. அதன் திரை தாளைப் போல நெட்டுக்குத்தாக நிற்கும். அகலத்தில் 606 புள்ளி, உயரத்தில் 808.

1979இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் குழு அதைப் பார்க்கப் போனது, சும்மா அல்ல. ஆப்பிளின் 1 லட்சம் பங்குகளை வாங்கும் வாய்ப்பு ஜெராக்ஸுக்குக் கிடைத்தது. போனவர்களில் பில் அட்கின்சன் ஒருவர். திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஜன்னல்களில், பாதி மறைந்திருப்பதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை அங்கே பார்த்ததாக நம்பினார். ஊர் திரும்பி, மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு நிரல் எழுதினார். பிறகுதான் தெரிந்தது, ஆல்டோவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை! இல்லாததை எப்படித் திருட முடியும்?

1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் புள்ளித் திரையோடு வந்தது. மறு வருஷமே அதில் ஓடும், பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர். அந்நாளைய சாதாரணக் கணினிகளில் எழுத்துகளை ஒரு சில்லில் பதித்தே அனுப்புவார்கள். அதில் தமிழுக்கு இடமில்லை. அதனால்தான் ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி, சி-டாக் வளர்த்தெடுத்த ‘ஜிஸ்ட்’ கார்டைத் தனியாகச் செருக வேண்டியிருந்தது. புள்ளித் திரைக்கோ ‘அ’வும் ஒன்றுதான், ஆங்கில ‘ஏ’வும் ஒன்றுதான், கொம்பையும் சுழியையும் வரைந்து கொடுத்தால் போதும். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அப்படித்தான் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார்.

அச்சுக்கோத்த கையோடு டி.டி.பி.க்கு மாறியவர்கள் உங்களில் இருப்பீர்கள். முதலில் எந்தக் கணினியில், எந்த எழுத்துருவில் பக்கம் கட்டினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்