புளோட்டினஸுக்கு வேதாந்தி வேடம்

அபிராமபுரம், மயிலாப்பூர் வட்டாரத்தில் தத்துவச் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்கள் காதில் இது விழாமல் இருக்காது: மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி புளோட்டினஸ் சொன்ன ‘ஒன்று’ நம் உபநிடதப் பிரம்மமேதான், அலெக்சாந்திரியாவுக்குப் போய்க் கிரேக்க உடை உடுத்திக்கொண்டது. இந்தப் பேச்சுக்கு இங்கே வேர் ஆழம். ஆற்றுக்கு அக்கரையில், 1882 முதல் அடையாறில் இருக்கும் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி, 1889இல் எழுதிய நூலில் தம் இயக்கத்தின் பெயரையே புளோட்டினஸின் குரு அம்மோனியஸ் சக்காஸின் மரபோடு இணைத்தார். ராதாகிருஷ்ணன் 1939இல் கீழை மதங்களையும் மேலைச் சிந்தனையையும் பற்றி வெளியிட்ட நூல் அதற்குப் பேராசிரியர் கௌரவம் சேர்த்தது.

முதலில் சான்றாக எடுத்து நீட்டப்படுவது புளோட்டினஸின் கீழ்த்திசைப் பயணம். மாணவர் போர்ஃபிரி எழுதிய வரலாறு சொல்வது வேறு. அம்மோனியஸிடம் 11 ஆண்டுகள் பயின்ற பிறகு, பாரசீக, இந்தியத் தத்துவங்களை அறியும் ஆவலில், 243 வாக்கில் பேரரசர் மூன்றாம் கோர்டியனின் படையோடு புளோட்டினஸ் கிளம்பினார். மறு ஆண்டு மெசொப்பொத்தேமியாவிலேயே பேரரசர் மாண்டார். புளோட்டினஸ் உயிர் பிழைத்து அந்தியோக்கியாவுக்கு ஓடி, பிறகு ரோமில் போய் அமர்ந்தார். இந்திய மண்ணை அவர் மிதிக்கவே இல்லை. குருவிடமே வேதாந்தம் கிடைத்திருந்தால் படையோடு எதற்காகப் போக வேண்டும்?

அடுத்தது கப்பல். முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் வணிகம் நடந்தது உண்மை. வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒப்பந்தமே சாட்சி. அலெக்சாந்திரியக் கிளெமென்ட் புத்தர் பெயரையும் அறிந்திருந்தார். ஆனால் மிளகு மூட்டையோடு உபநிடதமும் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று எங்கே? எகிப்திய ஞானிகளைக் குறிப்பிடும் புளோட்டினஸ் இந்திய ஆசிரியர் ஒருவரையும் பெயர் சொல்வதில்லை. 1928இல் பிரெஞ்சு அறிஞர் எமில் பிரெயே, புளோட்டினஸின் ஒருமைக் கருத்தில் இந்தியச் சாயல் கண்டார். அதே ஆண்டு அறிஞர் டாட்ஸ், அந்த ‘ஒன்றின்’ தாய்வீடு பிளாட்டோவின் ‘பார்மெனிடீஸ்’ என்று காட்டினார். வீட்டிலேயே விளைந்ததற்கு இறக்குமதி ரசீது தேடுவானேன்!

சரி, வழி எதுவானால் என்ன, சரக்கு ஒன்றுதானே என்பார்கள். அதுவும் இல்லை. ஒன்றிலிருந்து அறிவு, அறிவிலிருந்து ஆன்மா, அதிலிருந்து உலகம் எனப் படிப்படியாகப் பெருகி வழிவதே புளோட்டினஸின் கணக்கு. உலகம் தோற்றமல்ல, தவிர்க்க முடியாத வெளிப்பாடு. அதை இழித்துப் பேசிய ஞானவாதிகளைக் கண்டித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். அவருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்த சங்கரருக்கோ, பிரம்மம் உண்மையில் உலகமாக மாறவே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1961இல் வெளியிட்ட, அறிஞர் ஸ்டால் எழுதிய ‘அத்வைதமும் நவ பிளாட்டோனியமும்’ என்ற ஆய்வு நம் ஊர் நூலகங்களில் கிடைக்கும். மேடையேறுமுன் ஒரு புரட்டு புரட்டலாம்.

புளோட்டினஸிடமே ஓட்டைகள் உண்டு என்பதையும் இந்த உறவுக் கொண்டாட்டம் மூடிவிடுகிறது. நிறைவான ஒன்று ஏன் பலவாக வழிய வேண்டும்? நெருப்பு வெப்பம் தருவதுபோல என்கிறார். உவமை காரணமாகிவிடாது. எல்லாம் நன்மையிலிருந்தே வழிந்தது என்றவர், கடைசிப் படியான சடப்பொருளைத் தீமை என்றார். அவர் மரபிலேயே பின்னால் வந்த புரோக்ளஸே அதை ஏற்கவில்லை.

கடைசிப் புகலிடம் அனுபவம்: “முனிவர்கள் கண்டது ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு.” தான் உடனிருந்த காலத்தில் ஆசிரியர் நான்கு முறை அந்த ஒன்றோடு கலந்தார் என்கிறார் போர்ஃபிரி. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலந்தது எதனோடு, கலந்த பின் ஆன்மா என்ன ஆயிற்று என்பவை அனுபவமே தீர்த்துவைக்கும் கேள்விகள் அல்ல. நம் சைவ சித்தாந்திகளைக் கேளுங்கள். ‘அத்துவிதம்’ என்ற அதே சொல்லுக்குச் சங்கரரிடமிருந்து வேறுபட்ட பொருள் கண்ட மெய்கண்டார், முத்தியிலும் உயிர் இறைவனாகிவிடுவதில்லை என்றார். அருணந்தி சிவாசாரியரோ சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், சங்கரர் வழி மாயாவாதத்தைப் பிறர் மதங்களின் வரிசையில் நிறுத்தி மறுத்தார். அருள் இல்லாமல் வீடுபேறு இல்லை என்பது அவர்கள் மரபு. புளோட்டினஸின் ஒன்றோ யாரையும் குனிந்து பார்ப்பதில்லை. ஒரே நாட்டில், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, சங்கரர் மரபும் சித்தாந்த மரபும் இன்னும் உடன்படவில்லை. ரோமாபுரிக்காரருக்கு மட்டும் நாம் எப்படி அவ்வளவு எளிதாகக் கையெழுத்துப் போடுகிறோம்?