மஞ்சள் தேமல்

உளுந்து வயலின் வரப்பில் நடந்து செல்பவர்கள், பசுமையான செடிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பாரித்த செடிகளைக் கண்டிருக்கலாம். "உரம் போதவில்லை போலும்" என்று எண்ணிக்கொண்டு அப்பால் போய்விடுவது வழக்கம். குடியானவர்களிலும் சிலர் அவ்வாறே கருதி, கொஞ்சம் யூரியாவைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பதில் பத்து நாள் போய்விடுகிறது. 65, 70 நாளில் அறுவடையாகிவிடும் பயிருக்குப் பத்து நாள் என்பது சாமானியமான நஷ்டமல்ல. ஆகவே அந்த மஞ்சளின் விருத்தாந்தத்தை இவ்வாரம் நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இதற்கு மஞ்சள் தேமல் நோய் என்று பெயர். உளுந்து, பாசிப்பயறு, சோயா, அவரை முதலிய பயற்றினங்களை இது பீடிக்கிறது. இளம் இலையில் முதலில் சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அடுத்தடுத்து வரும் இலைகளில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, முடிவில் இலை முழுவதும் மஞ்சளாகிவிடும். உரக்குறைவுக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான்: தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக வெளுக்கும், தேமலோ கொழுந்தில், திட்டாகத் தொடங்கும். நோயுற்ற செடியில் காய்கள் சிலவே பிடிக்கும்; பிடித்தவையும் சிறுத்து வளைந்து, உள்ளே மணி சூம்பிக் கிடக்கும். முளைத்த சில வாரங்களுக்குள் நோய் கண்டால் மகசூல் அடியோடு போவதும் உண்டு. காய் முற்றும் தறுவாயில் கண்டால் சேதம் சொற்பமே.

லைமா அவரையில் காணும் மஞ்சள் தேமலைக் குறித்துக் கபூர், வர்மா என்னும் இரு விஞ்ஞானிகள் 1948-ல் எழுதினார்கள். பாசிப்பயற்றில் காணும் நோயைத் தில்லியில் ஆராய்ந்து 1960-ல் வெளியிட்டவர் நரியானி என்பவர். நோய்க்குக் காரணம் பூஞ்சாணமும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல, வைரஸ். அதன் உருவம் விநோதமானது. இரண்டு நுண்ணிய உருண்டைகள் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப்போல் இணைந்திருக்கின்றன. அதனால் இந்த வைரஸ் குடும்பத்துக்கு 'ஜெமினி', அதாவது நம் பஞ்சாங்கத்து மிதுன ராசியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய இரட்டையர் சுமார் 30,000 பேரை வரிசையாக நிறுத்திவிடலாம்!

இவ்வளவு சிறிய வஸ்து ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தானாகப் போக இயலாது. அதைச் சுமந்து செல்வது வெள்ளை ஈ. பெயர்தான் ஈ; உண்மையில் அது ஈ ஜாதியைச் சேர்ந்ததல்ல, அசுவினிக்கு உறவு. உடல் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். செடியை அசைத்தால் மாவு பறப்பதுபோல் எழும்பி, மறுபடியும் அமரும். நோயுற்ற செடியின் சாற்றை இது உறிஞ்சும்பொழுது வைரஸும் உடன் சென்று குடலை அடைகிறது. அங்கிருந்து உடலில் ஓடும் திரவத்தில் கலந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேருகிறது. அதன்பின் பல நாள் வரையில், அந்தப் பூச்சி எந்த நல்ல செடியில் வாய் வைத்தாலும் அங்கே நோயை ஏற்றிவிடக்கூடும். அதற்குக் கால் மணி நேரமே போதும்.

"அப்படியானால் பூச்சியைக் கொன்றுவிட்டால் தீர்ந்ததே!" என்று நேயர்கள் கூறலாம். இங்கேதான் சங்கடம் இருக்கிறது. அயல் வயலிலிருந்து பறந்து வரும் பூச்சி, மருந்தினால் சாகுமுன்பே தன் காரியத்தை முடித்துவிடுகிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் வெள்ளை ஈ அதற்குப் பழகிவிடுகிறது. அதைத் தின்று வந்த நல்ல பூச்சிகளோ மாண்டுபோகின்றன. நோய் ஏறிவிட்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையவே கிடையாது.

எனவே வைத்தியத்தைவிடத் தற்காப்பே பிரதானம். அது விதையிலேயே தொடங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தில், இந்நோயை எதிர்த்து நிற்கும் உளுந்து ரகங்களைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். வம்பன் 6, வம்பன் 8 ஆகியவை அத்தகையவை. ஆனால் ஓரிடத்தில் தாங்கும் ரகம் வேறிடத்திலும் தாங்கும் என்று நம்பிவிடலாகாது. வட இந்தியாவில் மிகுதியாகக் காணும் வைரஸும் தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணும் வைரஸும் நெருங்கிய உறவினவே தவிர, ஒன்றல்ல. ஆகவே தத்தம் பகுதிக்கேற்ற ரகத்தைக் கேட்டு வாங்குவது அவசியம். விதைத்த பிறகு வயலைச் சுற்றி மக்காச்சோளம் அல்லது சோளத்தை வேலிபோல் வளர்ப்பதும், பசை தடவிய மஞ்சள் அட்டைகளை ஆங்காங்கே நாட்டுவதும், களைகளை ஒழிப்பதும் வெள்ளை ஈயின் வரவைக் குறைக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது, முதலில் மஞ்சள் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி அழிப்பது. உழைத்து வளர்த்த செடி. இன்னும் நாலு காயாவது காய்க்கும் என்ற சபலம் யாருக்கும் உண்டாவது இயற்கையே. ஆனால் அந்த நாலு காய்க்காக விட்டுவைத்த செடி வயல் முழுமைக்கும் நோய் வழங்கும் ஊற்றாகிவிடுகிறது. பாதி வயல் மஞ்சளான பிறகு பிடுங்குவதில் பிரயோஜனமில்லை. செடிகள் சிறியனவாகவும் நோயுற்றவை சிலவாகவும் இருக்கும் முதல் மூன்று, நான்கு வாரங்களில்தான் இது பலிக்கும்.

அதிலும் ஒருவர் மட்டும் பிடுங்கினால் போதாது. வெள்ளை ஈ வரப்பை மதிப்பதில்லை. ஒரு வயலில் கருத்தாகப் பிடுங்கினாலும், பக்கத்து வயல்காரர் வாளாவிருந்தால் இருவருக்கும் நஷ்டமே. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தெளிக்கும் கிராமங்களில், முளைத்தது முதல் சில வாரங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தத்தம் வயலைச் சுற்றிப் பார்ப்பதென்று பேசி வைத்துக்கொண்டால், செலவின்றியே பெரும் பலன் காணலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இந்த மஞ்சளை அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுக்கொடுக்கலாம். அவர்கள் கண்கள் கூர்மையானவை.

இது குடியானவர் கவலை மட்டுமென்று பட்டணத்து நேயர்கள் எண்ணவேண்டாம். இட்லிக்கு அரைக்கும் உளுந்து போதாமல், மியன்மாரிலிருந்து தருவித்தே நாம் ஈடுசெய்து வருகிறோம். புலால் உண்ணாத குடும்பங்களுக்கும், உண்ண விரும்பினாலும் வாங்க இயலாத குடும்பங்களுக்கும் பருப்பே புரதம். வயலில் மஞ்சளாகும் ஒவ்வொரு செடியும் அவர்கள் இலையில் ஒரு கரண்டியைக் குறைக்கிறது. அடுத்த முறை வரப்பில் நடக்கையில் அத்தகைய செடியைக் கண்டால், வயலுக்கு உரியவரிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.