கழன்றது கடைசியில்தான்

டோக்கியோவின் கின்சாவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா 1972-இல் எழுப்பிய நகாகின் கேப்சூல் கோபுரத்தை 2022-இல் இடித்துவிட்டார்கள். ஜப்பானில் 1960-இல் புறப்பட்ட 'மெட்டபாலிசம்' என்ற கட்டடக்கலை இயக்கத்தின் புகழ்பெற்ற அடையாளம் அது. உடலில் செல்கள் உதிர்ந்து முளைப்பதுபோல நகரமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. இரண்டு கான்கிரீட் தண்டுகளில் 140 சிற்றறைகள். ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் தயாராகி, நான்கே போல்ட்டுகளில் மாட்டப்பட்டது. சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஐம்பது ஆண்டுகளில் ஒன்றுகூட மாற்றப்படவில்லை. கட்டடம் ஒழுகியது, துருப்பிடித்தது, ஆஸ்பெஸ்டாஸ் அச்சமும் சேர்ந்தது.

கற்பனை மிஞ்சிப்போனதால் வந்த தோல்வி இது என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கற்பனை பாதியில் நின்றதுதான் பிழை. அறைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. புதுப்பிக்க வேண்டுமானால் அவர்கள் உடன்பட வேண்டும், செலவையும் பகிர வேண்டும். போல்ட்டைக் கணக்கிட்டவர்கள் இந்தப் பங்காளிச் சிக்கலைக் கணக்கிடவில்லை. இடிக்கும்போதுதான் அறைகள் கழன்றன. மீட்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்டவற்றில் சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. மாறிக்கொண்டே இருக்கும் கட்டடம் வேண்டுமென்றால், வரைபடத்தோடு பராமரிப்பு நிதியையும் உரிமைப் பத்திரத்தையும் சேர்த்தே வரைய வேண்டும்.