பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார்?

நம்மோடு வெகு நாளாகப் பழகிவரும் தோழர் ஒருவருக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுவதில் அவர் பின்வாங்குகின்றவர் அல்லர். மறுநாளே நமக்குச் செல்போனில் ஒரு செய்தி அனுப்பினார். அதாவது, "நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும், மலர், மழை, நிலவு என்று இயற்கையைக் குறிப்பதாய் இருந்தால் நலம், ஆனால் 'டு' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும்" என்பதாகும். இதைப் படித்துச் சிரிப்பதா, அழுவதா என்று நமக்கு விளங்கவில்லை.

விசாரித்ததில் குட்டு வெளியாயிற்று. குழந்தை பிறந்தது ஆயில்யம் இரண்டாம் பாதமாம். சோதிடத்தில் 27 நட்சத்திரங்களுக்கும், பாதம் ஒன்றுக்கு ஓர் எழுத்து வீதம் 108 எழுத்துகளைப் பங்கு போட்டு வைத்திருக்கின்றார்கள். அதில் ஆயில்யத்தின் பங்கு டி, டு, டே, டோ என்பவையாம். தமிழ்ச் சொல் எதுவும் 'ட'கர வரிசையில் தொடங்குவதில்லை என்பது இலக்கணத்தின் ஆரம்பப் பாடம். ஆகவே இந்தப் பட்டியலின்படி, ஆயில்யத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தமிழில் பெயரே இல்லை என்றாகின்றது. அப்படியானால் இது எந்த மொழிக்காரருக்காகச் செய்யப்பட்டது, இதை நம் தலையில் கட்டியது யார் என்று நமது தோழர் ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா?

இவர்கள் ஒருபுறமிருக்க, எண் சாஸ்திரக்காரர்கள் என்று மற்றொரு கூட்டம் கிளம்பியிருக்கின்றது. இவர்கள் கணக்கு இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்திரந்தான். 'ஏ'க்கு 1, 'பி'க்கு 2 என்று கூட்டிப் பார்த்து, எண் சரியில்லை என்று சொல்லி, ஓர் 'ஏ'யையோ 'எச்'சையோ அதிகம் சேர்க்கச் சொல்லிப் பணம் வாங்கிக்கொள்ளுகின்றார்கள். வாயால் கூப்பிடும்போது மாறாத பெயர் காகிதத்தில் மாறிவிட்டால் கிரகம் ஏமாந்து போகுமாம்! செவ்வாயும் சனியும் எந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தன என்று கேட்கின்றோம்.

நிற்க. மேல்நாட்டிலும் கட்டுக்கதையிலிருந்து பெயர் எடுக்கின்றார்களே என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவந்தான். 2011 முதல் 2019 வரை தொலைக்காட்சியில் வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற கதையைப் பார்த்து, அமெரிக்காவில் பலர் தங்கள் பெண்களுக்குக் 'கலீசி' என்று பெயரிட்டார்கள். அது ஒரு பெயர்கூட அல்ல; கதைக்காக இட்டுக்கட்டிய மொழியில் அரசியைக் குறிக்கும் பட்டம். கடைசியில் அந்த அரசி, சரணடைந்த நகரத்தையே கொளுத்திவிட்டாள். ஆனாலும் பெயரிட்டவர்களுக்கு ஒரு யோக்கியதை உண்டு. கதையைக் கதையென்று தெரிந்தே வைத்தார்கள். அதைப் பொய்யென்று சொன்னவனை அங்கே யாரும் நாத்திகன் என்று வைததில்லை. அந்தக் கதையைக் காட்டி எவரையும் தாழ்ந்த சாதியென்று ஒதுக்கியதுமில்லை. நமது புராணப் பெயர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா?

"பெயரில் என்ன இருக்கின்றது?" என்று கேட்கின்றவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். பெயரில் ஒன்றுமில்லையானால் மனு ஏன் பெயருக்குச் சட்டம் செய்தான்? மனுதர்மம் 2-வது அத்தியாயம் 31-வது சுலோகத்தில், பார்ப்பனனுக்கு மங்களமும், க்ஷத்திரியனுக்குப் பலமும், வைசியனுக்குச் செல்வமும், சூத்திரனுக்கு இழிவும் தோன்றப் பெயரிட வேண்டும் என்று விதித்திருக்கின்றது. தொட்டிலிலேயே ஒருவன் தலையில் இழிவை எழுதிவைக்கும் ஏற்பாடு இது. இதன்றி, முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்ற பயத்தால் குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயரிட்டவர்களும் உண்டு. பிற்காலத்தில் பிள்ளைகள் தங்கியது தடுப்பூசியாலும், நல்ல தண்ணீராலும், ஆஸ்பத்திரியாலுமே ஒழிய, குப்பை என்ற பெயரால் அல்ல.

இவை எல்லாவற்றிலும் கொடுமை பெண்களுக்கு நடப்பது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்கு 'வேண்டாம்' என்றும், 'போதும்பொண்ணு' என்றும் பெயரிடும் வழக்கம் நம் தமிழ்நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதே பொருளில் 'நகுசா' என்று பெயரிட்டார்கள். 2011-ல் சத்தாரா ஜில்லாவில் அப்பெயர் சுமந்த 285 பெண்கள் ஒரே விழாவில் வேறு பெயர் பெற்றார்கள். பள்ளியில் வருகைப் பதிவு கூப்பிடும் ஒவ்வொரு நாளும் "வேண்டாம்" என்று கூப்பிட, "இருக்கின்றேன்" என்று பதில் சொல்ல வேண்டிய அந்தக் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்? பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனிடமிருந்து வரும் அணுவைப் பொறுத்தது என்று விஞ்ஞானம் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. தகப்பனுடைய அறியாமைக்கு மகள் ஆயுள் முழுவதும் விலாசம் தாங்க வேண்டுமா?

1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் எந்தச் சோதிடனிடம் எழுத்துக் கேட்டார்கள்? இன்றோ, பெயர் மாத்திரம் தூய தமிழாக இருந்து, அதைத் தேர்ந்தெடுப்பது பஞ்சாங்கமாக இருக்கின்றது. பழைய கள்ளுக்குப் புது மொந்தை என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பெயர்?

நாம் எந்தப் பெயருக்கும் விரோதிகள் அல்லோம். முல்லை என்று வையுங்கள், கயல் என்று வையுங்கள், நீங்கள் ரசித்த கதையிலிருந்தே வேண்டுமானாலும் வையுங்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லக் கூடியதா, சாதியைக் காட்டாததா, பொருள் கேட்டால் வெட்கமின்றிச் சொல்லக் கூடியதா என்று மாத்திரம் பாருங்கள். அவசரமும் வேண்டியதில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்துகொண்டு, 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, ஓட்டு, உத்தியோகம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகிவிட்டபடியால், பதியும் பெயரை யோசித்துப் பதிய வேண்டும்.

நமது தோழருக்கு நாம் எழுதிய பதில் இவ்வளவுதான்: "டு-வில் தமிழ்ப் பெயர் கிடையாது. சோதிடனைக் கேட்டீர்கள், எம்மைக் கேட்டீர்கள். பத்து மாதம் சுமந்து பெற்ற அம்மையாரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" பத்து நாளாகியும் பதில் வரவில்லை. தோழர்களே, உங்கள் வீட்டுத் தொட்டிலுக்கு நீங்களாவது இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.